பொட்டாசியம் 6.4: பட்டியலா, வடிதட்டா, பொடியா, மூன்றாவது நாளா?

அம்மாவுக்கு முன்பு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், திங்களும் வியாழனும். திருச்சியில் ஒரு மருத்துவமனை, காலை 7 மணி ஷிப்ட். இரண்டு வருஷமாக நானும் அந்த ஷிப்டில்தான் இருக்கிறேன், வராண்டாவில், பிளாஸ்டிக் நாற்காலியில். போன ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை மாதாந்திர ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பொட்டாசியம் 6.4. அதற்கு முந்தைய மாதம் 5.2 இருந்தது.

அன்று மதியத்துக்குள் நான்கு பேர் நான்கு வழி சொல்லிவிட்டார்கள். டயட்டீஷியன் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார், சாப்பிடக் கூடாதவை மட்டும் இரண்டு பக்கம். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, "எல்லாக் காயையும் ரெண்டு தண்ணி வடிச்சிருங்க தம்பி, அது போதும்" என்றார். டூட்டி டாக்டர் ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். டெக்னீசியன் மட்டும் குரலைத் தணித்து, "சார், வாரம் மூணு நாள் ஆக்கிட்டா இந்தத் தலைவலியே இல்ல" என்றார்.

நான்கு பேர் சொன்னதிலும் தப்பில்லை. எதை முதலில் பிடிப்பது, எதற்கு எவ்வளவு பலன், எதனால் அம்மாவுக்கு எவ்வளவு தொல்லை என்பதை அதற்குப் பிறகு பல மாதம் செய்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். நான் மருத்துவன் இல்லை. சமையலறையில் நிற்கிறவன், பில் கட்டுகிறவன். உங்கள் வீட்டு மருந்து, அளவு எல்லாவற்றையும் நெப்ராலஜிஸ்ட், அதாவது சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

சரி, முதலில் அந்த எண்ணையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போதோ குழாயிலோ சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருந்தது வெளியே கொட்டி, ரிப்போர்ட்டில் எண் பொய்யாக ஏறிவிடும். "சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருந்ததா?" என்று லேபில் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை மருத்துவமனைக்குள் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள், வீட்டில் இருந்து அல்ல. பொதுவாக 3.5 முதல் 5 வரை இயல்பு. டயாலிசிஸுக்கு முந்தைய ரத்தத்தில் 5.5 வரை பெரும்பாலான மருத்துவர்கள் பதறுவதில்லை. 6-ஐத் தாண்டினால் இசிஜி எடுப்பார்கள். கால் துவண்டு எழ முடியாமல் போவது, நெஞ்சு படபடப்பது எல்லாம் வரலாம். ஒன்றுமே தெரியாமல் திடீரென்று இதயத் துடிப்பு கோளாறாகவும் செய்யலாம். அம்மாவுக்கு மறுபடி எடுத்ததில் 6.3. இசிஜி நன்றாக இருந்தது. நான்கு மணி நேரம் மெஷின் ஓடி முடிந்ததும் எண் இறங்கிவிட்டது.

அடுத்து, அந்த மாதத்தில் என்ன மாறியது என்று தேடினோம். இரண்டு விஷயம் கிடைத்தது. வெயில் தாங்கவில்லை என்று வந்திருந்த சித்தி, சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவுக்கு நாளுக்கொரு இளநீர் என்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். "உடம்பு உளைச்சலுக்கு நல்லதுன்னுதாண்டா கொடுத்தேன்." இன்னொன்று மலச்சிக்கல். பாஸ்பரஸைக் குறைக்கிற மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் தண்ணீர்க் கட்டுப்பாடும் சேர்ந்து நான்கு நாளாகப் போகவில்லை. இது வெட்கப்பட்டு மறைக்கிற சமாசாரம் இல்லை. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குப் பொட்டாசியத்தில் பத்தில் ஒரு பங்குதான் மலத்தில் போகும். சிறுநீரகம் நின்றுபோனவருக்குக் குடல் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கால் பங்கு, சிலருக்கு மூன்றில் ஒரு பங்குவரை வெளியேற்றும். அந்தக் கதவும் அடைத்தால் போக வழியே இல்லை.

இனி ஒரு கணக்கு. இதைப் போட்ட பிறகுதான் எனக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. நாளைக்கு 2 கிராம் பொட்டாசியம் என்பது கட்டுப்பாடான சாப்பாடு. வாரத்துக்கு 14 கிராம். அதில் 4 கிராம் குடல் வழியாகப் போகிறது என்று வையுங்கள். மீதி 10. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிமோல், அதாவது 3 முதல் 4 கிராம்வரை எடுக்கும். இரண்டு நாள் என்றால் 6 முதல் 8 கிராம். மூன்று நாள் என்றால் 9 முதல் 12. ஆளுக்கு ஆள், மெஷினில் வைக்கும் திரவத்துக்குத் திரவம் இது மாறும். ஆனாலும் படம் தெளிவு: வாரம் இரண்டு நாள் ஓடுகிறவர்களுக்கு, கட்டுப்பாடாகச் சாப்பிட்டாலும் கணக்கில் துண்டு விழுகிறது. கொஞ்சம் சிறுநீர் இன்னும் வருகிறவர்கள் அதை வைத்துத் தப்பிக்கிறார்கள். அம்மாவுக்கு அதுவும் ஒரு டம்ளருக்குக் குறைந்துவிட்டது.

ஜெராக்ஸ் தாள்

தடைப் பட்டியலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: காசு செலவில்லை, இன்றைக்கே ஆரம்பிக்கலாம். இளநீர், வாழைப்பழம், உருளை, தக்காளி, கீரை, முருங்கை, சேனை, பருப்பு, தேங்காய், ஆரஞ்சு, கொய்யா, உலர்பழம், கொட்டை வகை என்று போகும் அந்தத் தாளில் இருப்பவை எல்லாம் பொட்டாசியம் உள்ளவைதான். ஆனால் அந்தத் தாள் 100 கிராம் கணக்கில் பேசுகிறது, நாம் கரண்டிக் கணக்கில் சாப்பிடுகிறோம். கொத்தமல்லித் தழையில் 100 கிராமுக்கு 500 மி.கி.க்கு மேல் உண்டு. ஆனால் ரசத்தில் தூவுவது ஒரு பிடிகூட இல்லை. புளியும் அப்படித்தான். 100 கிராமில் 600 மி.கி.க்கு மேல் இருந்தாலும் ஒரு ஆள் குழம்புக்கு வரும் 10 கிராமில் அறுபது சொச்சம்தான். இளநீர் அப்படி இல்லை. 100 மில்லிக்கு 200 முதல் 250 மி.கி.; ஒரு காயில் 300 மில்லி என்றால் 600-லிருந்து 750. ஒரே மூச்சில் ஒரு நாள் கோட்டாவில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய்விடும். பட்டியலில் இரண்டும் ஒரே எழுத்தளவில் அச்சாகியிருக்கின்றன.

இன்னொரு ஆபத்து, பட்டியலைப் பார்த்துப் பயந்து சாப்பாட்டையே நிறுத்துவது. அம்மா அந்த வாரம் முழுக்க மோர் சாதமும் ரொட்டியுமாக இருந்தார். பசியோடு கிடந்தால் பொட்டாசியம் குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். நேர்மாறு. நீண்ட பட்டினியில் இன்சுலின் சுரப்பது குறைய, செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ரத்தத்துக்கு வந்துவிடும். உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்ன ஆரம்பித்தால் அதிலிருந்தும் வரும். ஏகாதசி, சனிக்கிழமை விரதம் எல்லாம் டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புண்ணியம் சேர்க்கிற காரியமே இல்லை.

இந்தக் கண்டிப்பு எவ்வளவு தூரம் அவசியம் என்பதில் மருத்துவ உலகத்திலேயே மனம் மாறிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் எல்லாருக்கும் ஒரே மில்லிகிராம் வரம்பு சொல்வார்கள். அமெரிக்கச் சிறுநீரக அமைப்பின் 2020 வழிகாட்டி அப்படி ஒரு எண்ணைத் தராமல், ரத்த அளவு சரியாக இருக்கும்படி சாப்பாட்டை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் 8,000-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ்காரர்களைப் பின்தொடர்ந்து 2021-இல் வந்த ஆய்வில், அதிகப் பொட்டாசியம் சாப்பிட்டவர்கள் அதனால் அதிகமாக இறந்ததாகத் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் இளநீர்க் கடைக்கு ஓட வேண்டாம். அங்கே பெரும்பாலானவர்கள் வாரம் மூன்று நாள் மெஷினில் இருப்பவர்கள். நம் ஊரில் இரண்டு நாள் ஓடுகிறவரின் கணக்கு வேறு.

வடிதட்டு

பொட்டாசியம் தண்ணீரில் கரையும். சூட்டில் ஆவியாகாது. இந்த இரண்டு வரியில் மொத்த சமையல் பாடமும் இருக்கிறது. வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றினால் போகும். ஊற்றாவிட்டால் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அப்படியே இருக்கும். குக்கரில் நாலு விசில் விட்டு அந்தத் தண்ணீரோடு தாளித்தால் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது. ஆவியில் வேகவைப்பதும் அப்படியே.

ராத்திரி முழுக்க ஊறவைத்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். உருளைக்கிழங்கை வைத்து 2008-இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், வெறுமனே ஊறவைத்ததில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் குறையவில்லை. சின்னச் சதுரமாக வெட்டி நிறையத் தண்ணீரில் வேகவைத்தபோது பாதி போனது. துருவி வேகவைத்தபோது முக்கால் பங்கு போனது. ஆக, ஊறவைப்பதா வேகவைப்பதா என்றால் வேகவைப்பதுதான். அதிலும் எவ்வளவு பொடிசாக வெட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். 100 கிராம் உருளையில் 420 மி.கி. அளவில் இருப்பது, துருவி வடித்தால் நூறு சொச்சத்துக்கு வந்துவிடும். ஒரு ஆப்பிள் துண்டத்தோடு போட்டி போடும் அளவு.

எங்கள் வீட்டில் இப்போது இப்படித்தான் நடக்கிறது. பெரிய அலுமினிய அண்டாவில் காயின் அளவுக்கு நாலைந்து மடங்கு தண்ணீர், உப்பு போடாமல். நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு கேரட்டும் பீன்ஸும் விரல் நுனி அளவில் அரிந்து போடுகிறேன். பத்து நிமிஷம். தண்ணீர் வெளிறிய ஆரஞ்சு நிறமாக, லேசாக இனித்த வாசனையோடு மாறும். வடிதட்டில் கொட்டி, சூடாக இருக்கும்போதே இன்னொரு முறை புதுத் தண்ணீரில் அலசி எடுத்து, அப்புறம்தான் தாளிப்பு. முதல் மூன்று நாள் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "துணி துவைச்ச மாதிரி இருக்குடா" என்றார். உண்மைதான். ருசியும் அதே தண்ணீரோடுதான் போகிறது. பெருங்காயம், சீரகம், பூண்டு, ஒரு பச்சைமிளகாய், கடைசியில் எலுமிச்சை பிழிந்த பிறகு சாப்பிடும்படி ஆனது. வைட்டமின்களும் கொஞ்சம் போகும். அதற்குத்தான் டயாலிசிஸ்காரர்களுக்கென்று தனி மாத்திரை எழுதுகிறார்கள். வடித்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறோம்.

நம் சமையலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தண்ணீரை வீணாக்கக் கூடாது, சத்து அதில்தான் இருக்கிறது என்று வளர்ந்தவர்கள் நாம். பருப்பு வேகவைத்த தண்ணீர் ரசத்துக்கு, கீரை வேகவைத்த தண்ணீர் சூப்புக்கு, சோறு வடித்த கஞ்சி குடிப்பதற்கு. டயாலிசிஸ்காரருக்குக் காயை இரண்டு முறை வடித்துவிட்டு, பருப்புத் தண்ணீரில் ரசம் வைத்துக் கொடுத்தால் முன்வாசலில் விரட்டியதைக் கொல்லைப்பக்கமாக உள்ளே விட்ட கதைதான். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், ஒரு மாதமாக. "ரசம் இல்லாம சோறு எப்படி இறங்கும்" என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லாததால், ரசத்தையே மாற்றினோம். பருப்புத் தண்ணீர் இல்லை, தக்காளி இல்லை (நடுத்தரமான ஒன்றிலேயே 240 மி.கி.), மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு எலுமிச்சை ரசம். ஒரு பழத்தின் சாற்றில் முப்பது மி.கி. அளவுதான். அளவும் ஒரு சின்னக் கிண்ணம்தான், ஏனென்றால் குடிக்கிற தண்ணீரிலும் கணக்கு இருக்கிறது.

சோற்றில் மட்டும் பழைய முறையே நமக்குச் சாதகம். வடித்த சாதத்தில் 100 கிராமுக்கு 35 மி.கி. போல்தான் இருக்கும். ஊரே கம்புக்கும் கேழ்வரகுக்கும் திரும்பும்போது நாம் மட்டும் அரிசிக்கும் ரவைக்கும் வந்துவிட்டோம். கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 400 மி.கி.க்கு மேல். சர்க்கரையை விட்டு வெல்லம், கருப்பட்டி என்று மாறியிருந்தால் அதையும் திரும்பிப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரையில் பொட்டாசியம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இல்லாததால் எனக்கு இதைச் சொல்வது சுலபம். இரண்டும் இருப்பவர்கள் நிலைமை உண்மையிலேயே கஷ்டம்.

பருப்பா முட்டையா

ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இதில்தான். டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் அதிகம் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம். அம்மாவுக்கு 52 கிலோ. நாளைக்கு 52-லிருந்து 62 கிராம் புரதம். 30 கிராம் துவரம்பருப்பில் ஆறரை கிராம் புரதம் கிடைக்கும், கூடவே 400 மி.கி. பொட்டாசியம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், பொட்டாசியம் 70 மி.கி.க்குள். வெள்ளைக்கரு மட்டும் என்றால் மூன்றரை கிராம் புரதத்துக்கு 55 மி.கி., பாஸ்பரஸ் மஞ்சள்கருவில் நின்றுவிடுகிறது. ஒரே புரதம், ஆறில் ஒரு பங்கு பொட்டாசியம். கோழிக்கறி 100 கிராமில் இருநூறு சொச்சம் மி.கி. இருந்தாலும் புரதம் இருபது கிராமுக்கு மேல். கறியையும் வெந்த தண்ணீரை வடித்துவிட்டு வறுக்கலாம். சூப் மட்டும் வைக்கவே கூடாது.

அம்மா வெள்ளி செவ்வாய் முட்டை தொடமாட்டார். அந்த இரண்டு நாளுக்குத் தயிர், கொஞ்சம் பன்னீர். பால் திரியும்போது பொட்டாசியத்தில் நிறைய அந்த மோர்த் தண்ணீரில் பிரிந்து போய்விடுவதால் பாலைவிடப் பன்னீர் மேல். முழு சைவக்காரர்கள் பருப்பை விட முடியாது, விடவும் வேண்டாம். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதை வடித்துவிட்டு, பருப்பை மட்டும் கடைந்து, நாளைக்கு ஒரு வேளை. இதை டயட்டீஷியனிடம் உட்கார்ந்து பேசிச் செய்ய வேண்டும்.

உப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று விற்கிற குறைந்த சோடியம் உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் பாதிக்கு மேல் பொட்டாசியம்தான். ஒரு உப்பில் 30 சதவீதம் அது இருந்தால், ஒரு நாளைக்குப் போடும் 5 கிராமில் கிட்டத்தட்ட 780 மி.கி. அதாவது வீட்டுக்குள்ளேயே தினம் ஒரு இளநீர். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் பொதுமக்களுக்கு இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கித்தான் வைத்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் 508 என்ற எண் இருந்தால் அது பொட்டாசியம் குளோரைடு. 340 பொட்டாசியம் பாஸ்பேட். இந்துப்பு வேறு கதை. அது பெரும்பாலும் சாதா உப்புதான், அதில் லாபமும் இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் வாழைத்தண்டுச் சாறு, மூக்கிரட்டைச் சாறு எல்லாம் கல் அடைப்புக்கு என்று சொல்லப்படுபவை. சிறுநீரகத்துக்கு நல்லது என்று ஒரே வரியில் சுருக்கி டயாலிசிஸ்காரர் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. சாறு என்றாலே பொட்டாசியத்தைப் பிழிந்து எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரப் பழம் என்கிற அந்த ஐந்து முனைப் புளிப்புப் பழத்தை ஒரு துண்டுகூட வேண்டாம். அதில் பொட்டாசியத்தைவிட மோசமான ஒரு நரம்பு நஞ்சு இருக்கிறது. சிறுநீரகம் இல்லாதவர்களுக்கு விக்கல், குழப்பம், வலிப்புவரை போய் உயிரையே எடுத்திருக்கிறது.

பொடி

டூட்டி டாக்டர் எழுதியது குடலில் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போகும் பொடி. பாலிஸ்டைரீன் சல்போனேட் என்பது அதன் பெயர். சோடியம் சேர்ந்தது ஒரு வகை, கால்சியம் சேர்ந்தது ஒரு வகை. 1950-களிலிருந்தே இருக்கிற மருந்து. தண்ணீரில் கலந்தால் கரையாது, ஈர மணலைக் குடிப்பது போல் இருக்கும். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தார். 15 கிராம் பொடி ஏறத்தாழ 15 மில்லிமோல், அதாவது 600 மி.கி. போல் பிடிக்கும் என்பது பொதுக் கணக்கு. அந்த இளநீரை ரத்துசெய்யும் அளவு. கூடவே மலச்சிக்கல் வரும், அது முதலில் சொன்ன கதவை அடைக்கும். சோடியம் வகை என்றால் ஒரு கிராமுக்கு 100 மி.கி. சோடியம் உள்ளே போய்த் தாகம் எடுக்கும். குடலில் புண்ணாகும் அபூர்வமான ஆபத்தும் உண்டு. மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். தினம் பன்னிரண்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

புதிய வகைகள் இரண்டு வந்திருக்கின்றன. பாட்டிரோமர் 2015-இலும் சோடியம் ஜிர்கோனியம் சைக்ளோசிலிகேட் 2018-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டாவதை டயாலிசிஸ் இல்லாத நாட்களில் மட்டும் கொடுத்துப் பார்த்த 2019 ஆய்வில் 41 சதவீதம் பேருக்கு நீண்ட இடைவெளிக்குப் பிறகும் பொட்டாசியம் கட்டுக்குள் நின்றது. வெற்றுப் பொடி கொடுத்தவர்களில் 1 சதவீதம். நல்ல மருந்துதான். விலை மட்டும் பழைய பொடியை நினைத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போகிறவர்களைத் திகைக்க வைக்கும்.

பொடி என்பது என் கணக்கில் குடை மாதிரி. மழை நாளில் வேண்டும். கூரை ஒழுகுவதற்குத் தினமும் வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. கல்யாண வீட்டுக்குப் போகும் வாரம், டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளிப்போகும் வாரம், இதற்கெல்லாம் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு ஒன்றிரண்டு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது நாள்

அம்மாவின் வியாழனுக்கும் அடுத்த திங்களுக்கும் நடுவில் மூன்று நாள். அதில்தான் சனியும் ஞாயிறும் வருகின்றன. விருந்தாளி, கறிக்குழம்பு, சித்தி, இளநீர், எல்லாம். வாரம் மூன்று முறை செய்துகொள்கிறவர்களிடமே, இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பு கூடுகிறது என்று 32,000 அமெரிக்க நோயாளிகளை வைத்து 2011-இல் வந்த ஆய்வு சொன்னது. அங்கே இரண்டு நாளையே ஆபத்து என்கிறார்கள், இங்கே நாம் மூன்று நாளைச் சாதாரணமாகக் கடக்கிறோம்.

காப்பீட்டில் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்றாலும் மூன்றாவது நாள் சும்மா வராது. காலை 5 மணிக்கு எழுந்து ஆட்டோ, கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு, பிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசிக்கென்று கையில் இணைத்து வைத்த ரத்தக் குழாய்) இன்னும் இரண்டு குத்து, அன்றைக்கு முழுக்கச் சோர்வு. யூனிட்டில் இடமும் கிடைக்க வேண்டும். எங்களுக்கு ஏழு வாரம் காத்திருந்து சனிக்கிழமை மதிய ஷிப்ட் கிடைத்தது. அம்மாதான் தயங்கினார். "இருக்கிற ரெண்டு நாளே சிறையா இருக்கு." நான் பட்டியலைக் காட்டினேன்: மூணாவது நாள் வந்தால் இதில் பாதியை அடித்துவிடலாம். அந்தப் பேரம்தான் அவரைச் சம்மதிக்க வைத்தது, என் புள்ளிவிவரம் எதுவும் இல்லை.

மூன்றாவது நாளுக்கு வழியே இல்லாதவர்கள் வேறு இரண்டைக் கேட்கலாம். ஒன்று, இருக்கிற நான்கு மணி நேரத்தை முழுசாக ஓட்டுவது. பிபி இறங்குகிறது, கால் பிடிக்கிறது என்று முக்கால் மணி நேரம் முன்னாலேயே இறக்கச் சொல்வது யூனிட்டில் தினம் நடக்கிறது. முதல் மணி நேரத்தில்தான் பொட்டாசியம் வேகமாக இறங்கும் என்பது உண்மை என்றாலும், செல்லுக்குள்ளிருந்து மெல்ல வெளியே வருவதைக் கடைசி மணி நேரம்தான் பிடிக்கிறது. இன்னொன்று, மெஷின் திரவத்தில் இருக்கும் பொட்டாசிய அளவு. வழக்கமாக 2. அதை 1 ஆக்கினால் அதிகம் எடுக்கும், ஆனால் திடீரென்று இறங்கினால் இதயம் அதையும் தாங்காது. இதை நாமாகக் கேட்டு வாங்கக் கூடாது, டாக்டர் முடிவு.

வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே பை மாற்றும் சிஏபிடி எடுத்தவர்கள் இதை எல்லாம் படித்துப் பயப்பட வேண்டாம். அந்தத் திரவத்தில் பொட்டாசியமே கிடையாது, தினமும் கழுவுகிறது. அவர்களில் பலருக்குப் பொட்டாசியம் குறைந்துபோய், வாழைப்பழம் சாப்பிடுங்கள் என்று டாக்டரே சொல்கிறார். மெஷினில் ஓடுகிற ஹீமோடயாலிசிஸ்காரரின் ஜெராக்ஸ் தாளை வாங்கி வீட்டில் ஒட்டிக்கொண்டு, தேவையில்லாமல் பழம் தின்னாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். வீட்டில் சுத்தமான ஓர் அறையும் பொறுமையான ஓர் ஆளும் இருந்தால், தூரத்து ஊர்க்காரர்கள் நெப்ராலஜிஸ்டிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

நாங்கள் கடைசியில் போன வரிசை இது: முதலில் மலச்சிக்கலும் இளநீரும், அடுத்து ரசமும் பருப்புத் தண்ணீரும், அடுத்து முட்டை, அப்புறம் வடிதட்டு, பிறகு சனிக்கிழமை. பொடி அலமாரியில். ஜூன் மாத ரிப்போர்ட் 5.4, மூன்றாவது நாள் ஆரம்பித்த பிறகு 4.9. பட்டியல் இன்னும் பிரிட்ஜில்தான் ஒட்டியிருக்கிறது, பாதி வரிகளுக்கு அம்மா பேனாவால் கோடு போட்டுவிட்டார்.

இந்த வாரம் காந்தி மார்க்கெட்டில் இமாம்பசந்த் வந்துவிட்டது. மாம்பழத்தில் 100 கிராமுக்கு 170 மி.கி. போல்தான், வாழையில் பாதிகூட இல்லை. ஒரு கதுப்பு, அதுவும் டயாலிசிஸ் அன்றைக்குக் காலையில் என்று டயட்டீஷியனிடம் கேட்டு முடிவு செய்திருக்கிறோம். அம்மா கொட்டையும் வேண்டும் என்கிறார். அதில் ஒட்டியிருக்கும் சதையை எப்படி எடை போடுவது என்று இன்னும் பேச்சு நடக்கிறது.